இல்லுக்கும் ஆலுக்கும் நடுவே

செவ்வாய் இரவு, வேக்ஃபீல்டு நூலகத்தின் மாடி.
ஹீட்டர் முனகுகிறது. கண்ணாடியில் ஆலங்கட்டி.
ஹெஸ்டர் போல்ட் பலகையில் எழுதுகிறாள்:
த்ரைவ் ஆன்.

"தழைப்பது. வெறுமனே அல்ல,
ஒன்றைக் கொண்டு தழைப்பது.
மற்றவர்கள் வாடிப்போகிற ஒன்றாகவும் அது இருக்கலாம்.
அவன் நெருக்கடியில் தழைக்கிறான்.
அவள் வம்பில் தழைக்கிறாள்.
கள்ளி, கவனிப்பார் இல்லாமையில்."

பகலெல்லாம் முடிவெட்டிவிட்டு வந்த ஹேமின் கேட்கிறான்:
"ஆன் என்றால் மேலே அல்லவா?
மேசை மேல் கத்தரிக்கோல்.
நெருக்கடியின் மேல் ஏறியா நிற்கிறான்?"
சிரிப்பு.
"மேலே இல்லை," என்கிறாள் ஹெஸ்டர்,
"கிட்டத்தட்ட, சாப்பிடுவது மாதிரி.
குதிரை புல்லில் வாழ்கிறது, அந்த ஆன்."

விலியா சிரிக்கவில்லை.
அவள் பையில் நாலாய் மடித்த காகிதம்:
பண்ணை மேலாளர் கிளைவ் ஆர்மிட்டேஜ் கொடுத்த சான்று.
ஆறு குளிர்காலத்துக்கு ஒரே வரி.
நெருக்கடியில் தழைப்பவர்.

(எனக்கு இங்கே தமிழ் குறுக்கே வருகிறது.
ஆல்போல் தழைத்து என்று வாழ்த்திவிடுகிறோம்,
எதைத் தின்று என்று கேட்பதில்லை.
ஆல் மரம்தான். ஆல் ஓர் உருபும்கூட.
இருட்டில் என்றால் இடம்,
இருட்டால் என்றால் காரணம்.
இரண்டுக்கும் நடுவே
ஒருத்தியின் முதுகுவலி கிடக்கலாம்,
யாரும் இடறாமலே.)

விடிகாலை நாலரை. கொட்டகை.
சன்னலில்லாத, தாழ்ந்த, வெதுவெதுப்பான இருட்டு.
மெழுகுவத்தி வைத்துத்தான் ரூபார்ப் பறிக்க வேண்டும்.
பல்பு எரிந்தால் தண்டு பச்சையாகிவிடும், விலை போகாது.
வரிசை வரிசையாய் இளஞ்சிவப்பு,
நுனியில் கசங்கிய மஞ்சள் இலை.
பேச்சை நிறுத்தினால் மொட்டுறை பிளப்பது கேட்கும்:
ப்ளக்.
எங்கோ பின்னால், ப்ளக்.
வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் கிளைவ் கிசுகிசுப்பார்,
கோயிலுக்குள் பேசுகிறவர் போல:
"இருட்டில் எப்படித் தழைக்கிறது பாருங்கள்."

அவளுக்குத் தெரியும்.
இதே வேர்களை வயலில் இரண்டு வருஷம் பார்த்தவள்.
ஒரு தண்டுகூட ஒடிக்காமல் விட்ட வயல்.
கம்பளி ஆலைக் கழிவுதான் உரம், மழையில் ஆட்டுவாடை.
ஜூன் மாதம், இரவு ஒன்பதரைக்கும் இறங்காத வெயிலை
யானைக்காது இலைகளில் ஏந்தி ஏந்தி
வேருக்கு இறக்கியது அது.
பிறகு உறைபனி.
பிறகு டிராக்டர்.
பிறகுதான் இந்த இருட்டு.

மார்ச்சில் பறிப்பு முடிந்து
வேரைத் தூக்கிப் பார்த்தால் நெட்டி.
ஒரு கையால் எறியலாம், குப்பைமேட்டுக்கு.
வரும்போது இரண்டு பேர் தூக்கிய வேர்.

அடுத்த செவ்வாய். வீட்டுப்பாடம், ஆளுக்கொரு வாக்கியம்.
ஹேமின்: என் கடை கல்யாணங்களில் தழைக்கிறது.
சரி.
பேருந்து கழுவும் தெக்லே: என் மகன் சண்டையில் தழைக்கிறான்.
சரி, பாவம்.
விலியா எழுந்து நிற்கிறாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

"ரூபார்ப் இருட்டில் தழைக்கவில்லை.
இருட்டில் அது
வெயிலைச் செலவழிக்கிறது."

ஹீட்டர் மட்டும்.
ஹெஸ்டர் நோட்டை வாங்கி இரண்டு முறை படித்தாள்.
வெயிலுக்கு முன்னால் ஒரு 'தி' விட்டுப்போயிருந்தது.
சிவப்புப் பேனாவைத் திறந்தவள், மூடி,
பென்சிலால் சேர்த்தாள்.

எல்லாரும் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கையில்
விலியா அந்தக் காகிதத்தைப் பிரித்து வைத்தாள்.
"இந்த வரியைத் திருத்தித் தருவீர்களா?"
ஹெஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.
"இதில் பிழை இல்லையே. இலக்கணம் சரியாக இருக்கிறது."

"ஆமாம்," என்றாள் விலியா,
"இலக்கணம் சரி."